தெர்மல் அண்ணனின் வயிற்றெரிச்சல்

என் பெரியத்தானுக்குப் பொறாமை வரும் விதமே தனி. சிலருக்கு முகம் சுண்டும், சிலர் வாய்விட்டுப் புலம்புவார்கள். அவர் துணி மடிக்க ஆரம்பித்துவிடுவார். துண்டு, மேசை விரிப்பு, யாரோ கழற்றிப் போட்ட கோட்டு, கையில் எது கிடைத்தாலும் சரி. நாலாக மடித்து, நீவி, பிரித்து, மறுபடியும் மடிப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எங்கள் வீட்டு சோபாவில் எல்லாமே மடித்துக் கிடந்தால், சின்னத்தானை யாரோ புகழ்ந்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்வேன்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு அக்காக்கள். பெரியக்காவின் கணவர் பெரியத்தான், சின்னக்காவின் கணவர் சின்னத்தான். இந்தச் சகலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரே மச்சினன் நான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பின் சீட்டில் தினமும் நடக்கும் அடிதடியைக் கேட்டுப் பழகிய காது இது. அதனால் இவர்கள் சண்டையில் எனக்குப் பயம் ஒன்றும் கிடையாது, வேடிக்கைதான்.

பெரியத்தானுக்கு ஊர் நடுவில் இருக்கும் மூன்று மாடிக் கடையில் வேலை. மலைக்கும் பனிக்கும் போகிறவர்களுக்கான சாமான்கள் விற்கிற கடை. கீழே காலணி, நடுவில் கூடாரமும் முதுகுப்பையும், மேலே துணிமணி. மேல்மாடி மூலையில், சாக்ஸ் பகுதிக்கு அடுத்தாற்போல் அவருடைய கண்ணாடி மேசை. சட்டைக்கும் கோட்டுக்கும் அடியில் தோலோடு ஒட்டிப் போடுகிற உடுப்பு மட்டும்தான் அங்கே கிடைக்கும். தெர்மல் என்று எல்லோரும் சொல்வார்களே, அது. அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் தெர்மல் அண்ணன். அவரை விட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் வியாபாரம் செய்வதைப் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். அண்ணே, அங்க பயங்கரமா குளிருமாம், இருக்கறதுலயே கனமா ஒண்ணு குடுங்க என்பார்கள். அவர் அலமாரி பக்கமே திரும்பமாட்டார். "அது இருக்கட்டும். நீங்க வேர்க்கற ஆளா, வேர்க்காத ஆளா?" என்பார். இதென்ன கேள்வி என்று வந்தவர் முழிப்பார். "குளிரைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, அதுக்கு மேல கோட்டு இருக்கு. உங்க வேர்வைதான் உங்களுக்கு எதிரி. ஏறும்போது வேர்க்கும். நின்னீங்கன்னா அந்த ஈரமே உங்களைப் பிடிச்சுக்கும்." பிறகு கண்ணாடி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் மேல் ஒரு பருத்தித் துண்டை வைப்பார். அது தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரே இடத்தில் ஈரமாகக் குந்திக்கொண்டிருக்கும். இன்னொரு சொட்டு விட்டு மெல்லிய கம்பளித் துண்டை வைப்பார். ஈரம் மேல் பக்கம் வந்து பரவும். "தொட்டுப் பாருங்க" என்று அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். முடிவில் தீர்ப்பு சொல்வார். நடக்கிறவனுக்கு மெல்லிசு, உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கனம். மீன் பிடிக்கிறவன், காவல் நிற்கிறவன், கேமராவை வைத்துக்கொண்டு பறவைக்குக் காத்திருக்கிறவன், இவர்களுக்குக் கனம். முதுகில் பையோடு ஏறுகிறவனுக்குக் கனத்தை விற்கவே மாட்டார். முதலாளியே வந்து சொன்னாலும் சரி.

இத்தனைக்கும் அவர் மலையேறினதே கிடையாது. குளிர் என்றால் அவருக்கு ஆகாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து கடை வாசல் வரைக்கும் நடப்பதற்கே காது, மூக்கு எல்லாம் மூடிக்கொண்டு வருவார். உள்ளே வெப்பமூட்டி ஓடுவதால் நாள் முழுக்க அரைக்கைச் சட்டைதான்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மார்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்ததும் மகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். பாப்பா காலேஜில் படிக்கிறது, பாப்பா பாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வந்தது, பாப்பாவுக்கு வெங்காயம் பிடிக்காது. நாடாவுக்குள் மாட்டிக்கொண்டவர் எங்கே ஓடுவார்? கேட்டுத்தான் ஆகவேண்டும். பக்கத்தில் சாக்ஸ் விற்கும் அம்மாளை எல்லோரும் சாக்ஸ் அக்கா என்பார்கள். பாப்பாவை இரண்டு மூன்று தடவைதான் நேரில் பார்த்திருக்கிறார் என்றாலும், அவளுக்கு எந்தப் பல்லில் சொத்தை என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

இப்போது சின்னத்தானுக்கு வருவோம். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஆள் உயரம். விசில் இல்லாமலே குரல் மைதானத்தைத் தாண்டிப் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் அம்மா வீட்டில் இறுகிப்போய்க் கிடந்த ஒரு ஜன்னலை ஒரே தள்ளில் திறந்துவிட்டார். அதே ஜன்னலோடு எண்ணெய், உளி, சுத்தியல் என்று பெரியத்தான் ஒரு குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டியிருந்தார். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று அம்மா சொன்ன வார்த்தையை அவர் இன்றுவரை மறக்கவில்லை. திறந்த ஜன்னலால் அம்மாவுக்குச் சளி பிடித்ததையும் மறக்கவில்லை. அதை மட்டும் சந்தோஷமாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

சின்னத்தான் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். குடிக்கமாட்டார், கடுஞ்சொல் சொல்லமாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டதும் பெரியக்கா தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், இங்கே துண்டு மடிப்பு ஆரம்பமாகிவிடும்.

குளிர்காலத்தில் விடுமுறை நாள் வந்தால் சின்னத்தான் ஒரு கும்பலைச் சேர்த்துக்கொண்டு மலையேறுவார். வருகிற கும்பல் முழுக்கப் பெரியத்தானிடம்தான் தெர்மல் வாங்கும். அழைத்துப் போகிற சின்னத்தான் மட்டும் வாங்கமாட்டார். ஒருநாள் அவர் கழுத்துப் பட்டியைப் பார்த்தே பெரியத்தான் கண்டுபிடித்துவிட்டார், அது எதிர்த்தெருக் கடைச் சரக்கு.

"ஊருக்கே நான் போட்டுவிடறேன். என் சகலைக்கு மட்டும் என் கடை ஆகாது, பாத்தியா?" என்று என்னிடம் குமைந்தார்.

"தள்ளுபடி கேக்கக் கூச்சமா இருக்கும் அத்தான்."

"கூச்சமா? திமிருடா."

இதெல்லாம் அவர் பொறுத்துக்கொண்ட விஷயங்கள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. சின்னக்காவுக்குக் குழந்தை இல்லை. அதனால் பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு வீடு. சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா, நீந்தச் சொல்லிக்கொடுத்தது சித்தப்பா. வாய்க்கு வாய் சித்தப்பாதான். தாய்மாமன் என்று ஒருத்தன் வேனோடு நிற்கிறேன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கே வயிறு லேசாக எரியும். பெற்றவருக்கு எப்படி இருக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாப்பா சூப்பை உறிஞ்சியபடி, அடுத்த நடையில் தானும் மலைக்கு வருவதாகச் சொன்னாள். பெரியக்கா வழக்கம்போல் குளிர், சளி, காய்ச்சல் என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. என்ன போட்டுக்கணும்னு சித்தப்பாகிட்ட கேட்டுட்டேன். மெல்லிசா கம்பளி தெர்மல் ஒண்ணு போதும்னு சொன்னாரு. இல்ல சித்தப்பா?"

பெரியத்தானின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. டாக்டரின் பிள்ளை அடுத்த தெரு டாக்டரிடம் மருந்து கேட்டது போல இருந்தது அது. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் இந்த ஒரு விஷயத்துக்கு அவரிடம்தான் வருகிறார்கள். சொந்த மகள் போய்க் கேட்டது இன்னொருவரிடம், அதுவும் அந்த இன்னொருவரிடம்.

சின்னத்தானுக்கும் புரிந்துவிட்டது. "நான் சும்மா பொதுவா சொன்னேன் பாப்பா. அப்பாகிட்ட கேளு, அவருதான் இதுல..." என்று இழுத்தார்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் பெரியத்தான். "நாளைக்குக் காலேஜ் முடிஞ்சு கடைக்கு வா. நான் பாத்துத் தரேன்." சொல்லிக்கொண்டே மேசைத் துண்டை எடுத்து மடித்தார்.

மறுநாள் நான்தான் பாப்பாவை வேனில் கொண்டுபோய் இறக்கினேன். வேடிக்கையை விடுவானேன் என்று நானும் மேலே போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் மேசையில் நின்றுகொண்டிருந்தார். அதே கும்பலோடு அதே மலைக்கு அவரும் போகிறாராம். பெரியத்தான் பல் டாக்டரின் வேர்வையை விசாரித்து, தண்ணீர்ச் சொட்டு விட்டு, துண்டைத் திருப்பிக் காட்டி, மெல்லிசு ஒன்றை எடுத்து அவர் தோளில் வைத்துப் பார்த்தார். "உடம்போட ஒட்டி இருக்கணும் டாக்டர். லூசா இருந்தா துணிக்கு உங்க வேர்வையே எட்டாது. கழுத்துல ஜிப் இருக்கறதா பாருங்க, சூடாச்சுன்னா இறக்கிவிட்டுக்கலாம். தையல் தோள் மேல வரக் கூடாது, பை உரசும்." டாக்டர் திருப்தியாகப் போனார்.

மகள் பக்கம் திரும்பினார். அலமாரியின் மேல் தட்டுக்கு ஏணி போட்டு, இருப்பதிலேயே கனமான ஒன்றை எடுத்துவந்து விரித்தார். உள்பக்கம் பூனைக்குட்டி போலப் புசுபுசுவென்று இருந்தது. ராத்திரிக் காவலாளிகளுக்கு அவர் விற்கிற சரக்கு அது.

பாப்பா சிரித்தாள். "அப்பா, இப்பதானே அவருக்கு மெல்லிசுன்னு சொன்னீங்க?"

"அவரு யாரு, நீ யாரு? அவரு தொப்பைக்கு வேர்க்கும். உன் உடம்புல என்ன இருக்கு?"

"எனக்கு நல்லா வேர்க்கும்ப்பா. சித்தப்பாவும் அதைத்தான்..."

"சித்தப்பாவுக்கு மலை தெரியும். துணி எனக்குத் தெரியும். உன்னைப் பெத்தது யாரு?"

சாக்ஸ் அக்கா தன் இடத்திலிருந்து தொண்டையைக் கனைத்தார். பெரியத்தான் கண்டுகொள்ளவில்லை. சின்னத்தான் மட்டும் மெல்லிசு என்று சொல்லாமல் இருந்திருந்தால், இவரே முதலில் மெல்லிசைத்தான் எடுத்திருப்பார். சத்தியமாகச் சொல்கிறேன். சின்னத்தான் கனம் என்று உளறியிருந்தால் இன்னும் விசேஷம், மெல்லிசை நீட்டி ஒரு பிரசங்கமே நடத்தியிருப்பார். சரியான பதிலை எதிராளி முந்திச் சொல்லிவிட்டால், மிச்சம் இருப்பது தப்பான பதில் ஒன்றுதான். அதைத்தான் என் பெரியத்தான் ஏணி போட்டு எடுத்தார்.

பாப்பா அந்தத் துணியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள். "சரிப்பா, இதையே எடுத்துக்கறேன்" என்றாள். பெரியத்தானுக்கு வாயெல்லாம் பல். பையில் போடும்போது, "உங்க சித்தப்பா கேட்டா, அப்பா கடையில எடுத்ததுன்னு சொல்லு" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

நடைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் காலுக்காக இல்லை, வேனுக்காக. மலையடிவாரத்தில் எல்லோரும் இறங்கிக் காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தபோது, பாப்பாவின் கோட்டுக் கழுத்தில் எட்டிப் பார்த்த அந்தப் புசுபுசுவை சின்னத்தான் கவனித்தார்.

"பாப்பா, இது கனமாச்சே. என்கிட்ட வேற இருக்கு, வேன்லயே மாத்திக்கறியா?"

"வேணாம் சித்தப்பா. அப்பா எடுத்துக் குடுத்தது."

சின்னத்தான் அதோடு விட்டுவிட்டார். வேறு யாராவதாக இருந்திருந்தால் அதட்டி மாற்ற வைத்திருப்பார். இங்கே ஏதாவது சொன்னால் சகலை விவகாரமாகிவிடும். தன் பையில் இருந்த மெல்லிசை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கைக்கு எட்டுகிற மாதிரி மேலாக வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஏற்றத்தில் பாப்பா நன்றாகத்தான் ஏறினாள், என்னை எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். முகம் மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. முதலில் கோட்டைத் திறந்துவிட்டாள், பிறகு கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாள். உள்ளே இருப்பதைக் கழற்ற முடியாதே. அது நனைந்து நனைந்து குளித்துவிட்டு வந்த பூனையாகிவிட்டது. மேட்டில் மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. டீ குடிக்க எல்லோரும் நின்றோம். காற்று அடிக்க ஆரம்பித்தது.

பல் டாக்டர் சாவகாசமாக பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாப்பாவுக்கு டீக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி ஆடியது. பல் தந்தியடித்தது. உதடு நிறம் மாறிவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஏதோ முனகினாள். எனக்கு வேடிக்கை எல்லாம் போய்விட்டது. கும்பலில் இருந்த பெண்கள் கூடாரத் துணியைச் சுற்றிப் பிடித்து நின்று அந்த ஈரத்தை உரித்தெடுத்தார்கள். சின்னத்தானின் மெல்லிசை மாட்டிவிட்டு, அதன் மேல் கைக்குக் கிடைத்த கோட்டையெல்லாம் போட்டார்கள். சின்னத்தான் அவள் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கோட்டும் அவள் மேல்தான் இருந்தது. வெறும் சட்டையோடு அந்தக் காற்றில் நின்றார்.

அவளுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியதும் எல்லோரும் இறங்கிவிட்டோம். வேனில் ஏறுமுன் சின்னத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் பெரியத்தான்கிட்ட சொல்லாதே. மனசு உடைஞ்சிடுவாரு."

நான் சொல்லவில்லை. துணி சொல்லிவிட்டது. மறுநாள் காலை பெரியத்தான் வேலைக்குக் கிளம்பும்போது, சமையலறை வெப்பமூட்டியின் மேல் இரண்டு தெர்மல் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று அவர் கொடுத்தது. இன்னொன்று ஆம்பிளை அளவில் ஒரு மெல்லிசு, எதிர்த்தெருக் கடைப் பட்டியோடு. முதலில் கனத்தை எடுத்துக் கையால் அழுத்தினார். இன்னும் ஈரம் இருந்தது. மெல்லிசைத் தொட்டார். எப்போதோ காய்ந்திருந்தது. அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாப்பாவைப் பார்க்க வந்த நான் அப்போது வேன் சாவியோடு வாசலில் நின்றிருந்தேன். மனுஷன் மகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயெடுத்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். வெளியே வந்தது வேறு.

"அவன் சட்டையை என் வீட்ல யாரு காயப்போட்டது?"

பெரியக்கா கையில் இருந்த பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "அந்தச் சட்டை மட்டும் இல்லன்னா உங்க பொண்ணை ஆஸ்பத்திரியிலதான் பாத்திருப்பீங்க. பேச வந்துட்டீங்க!"

பாப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "அப்பா, நீங்க எனக்குன்னு அதை எடுக்கல. சித்தப்பா சொன்னதுக்கு எதிரா ஒண்ணு வேணும்னு எடுத்தீங்க. எனக்கு அங்கயே தெரிஞ்சிடுச்சு. உங்க முகம் வாடிடுமேன்னுதான் போட்டுக்கிட்டேன்."

பெரியத்தான் அன்றைக்கு எதையும் மடிக்கவில்லை. வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடை வரும் வரைக்கும் ஜன்னல் வழியாக மலையையே முறைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வார விடுமுறையில் அந்த மெல்லிசைத் தானே துவைத்தார். வெந்நீர் படாமல், முறுக்காமல், துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் போட்டுக் காயவைத்தார். எதிரிச் சரக்குக்கு அந்த மரியாதை. பிறகு என்னை ஓட்டச் சொல்லி சின்னக்கா வீட்டுக்குப் போனோம். சின்னத்தான் மூக்கு சிவந்து, கம்பளிக்குள் சுருண்டு இருந்தார். மேட்டில் வெறும் சட்டையோடு நின்றதற்குக் கிடைத்த கூலி. அந்தத் தும்மலைக் கேட்டதும் பெரியத்தான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. நான் பார்த்தேன்.

"இந்தாங்க உங்க சட்டை. தொளதொளன்னு இருந்திருக்கும் அவளுக்கு" என்றார். மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தார். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"காஞ்சிருந்தாப் போதும்னு போட்டுவிட்டோம் அண்ணா."

சின்னக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நைசாக உள்ளே போய்விட்டாள். பெரியத்தானால் அடக்க முடியவில்லை. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இத்தனை வருஷத்துல என் மேசைக்கு ஒரு தடவை வந்திருக்கீங்களா? என் சரக்கு அவ்வளவு மட்டமா?"

சின்னத்தான் மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஒரு தடவை வந்தேன். நீங்க பாக்கல. மாடிப்படி கிட்ட நின்னுட்டிருந்தேன். நீங்க யாருக்கோ அளவு எடுத்துட்டு இருந்தீங்க. பாப்பா பாட்டுப் போட்டியில மூணாவதா வந்த கதையைச் சொல்லிட்டிருந்தீங்க. என் பொண்ணு, என் பொண்ணுன்னு வாய் ஓயல. என்னால நின்னு கேக்க முடியல அண்ணா. அப்படியே இறங்கி எதிர்த்தெருவுக்குப் போயிட்டேன்." இன்னொரு தடவை தும்மினார். "அன்னைக்கு மேட்டுல அவ கையைத் தேச்சுக்கிட்டு இருந்தது நான். அவ முனகினது என்ன தெரியுமா? அப்பா, அப்பான்னு. எனக்கு எரிஞ்சுது. அந்தக் குளிர்லயும் எரிஞ்சுது. உங்க மேல எவ்வளவு ஆத்திரம்னு எனக்குத்தான் தெரியும்."

இந்த நல்ல மனுஷனுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பெரியத்தானும் நினைத்திருக்கமாட்டார். டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். தன் மேல் ஒருவர் பொறாமைப்படுவது அவருக்குப் புதிய அனுபவம். என்ன செய்வது என்று தெரியாமல், "ஆவி பிடிங்க, சரியாயிடும்" என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

இதற்குப் பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் தப்பு. பழைய குமைச்சல் அப்படியேதான் இருந்தது. ஒன்றுதான் வித்தியாசம். அடுத்த மலைநடை நெருங்க நெருங்க, பாப்பா இந்தத் தடவை யாரிடம் கேட்பாள் என்பதே பெரியத்தானின் ஒரே நினைப்பாகிவிட்டது. தன்னிடம் கேட்டால் தண்ணீர்ச் சொட்டிலிருந்து ஆரம்பித்து ஒழுங்காகச் சொல்லி, மெல்லிசையே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார். சகலை சொன்னதையேதான் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் விழுங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளுடைய அளவில் நல்லதாக ஒன்றை மேசைக்கு அடியில் எடுத்து ஒதுக்கிக்கூட வைத்துவிட்டார். அவளாக வந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் சாப்பிடும்போது, "வானிலை மோசமாம்" என்று தானாகவே பேச்சை எடுப்பார். அவள் "ம்" என்பாள். கேட்கமாட்டாள்.

நடைக்கு முன் வாரம், ஒரு காலையில் கடையில் எனக்குக் கையுறை வாங்கவேண்டியிருந்தது. பெரியத்தானோடு சேர்ந்தே மேலே ஏறினேன். முந்தின நாள் அவருக்கு வார விடுமுறை. அந்த மாதிரி நாட்களில் அவர் மேசையையும் சாக்ஸ் அக்காதான் பார்த்துக்கொள்வார்.

"உங்க பொண்ணு நேத்து வந்துச்சே" என்றார் சாக்ஸ் அக்கா, சர்வ சாதாரணமாக.

"நேத்தா? நான் லீவாச்சே. அதுக்குத் தெரியுமே."

"ஆமா, அப்பா இல்லதானேன்னு கேட்டுக்கிட்டுத்தான் மேல வந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துப் பாத்துச்சு. ஒவ்வொண்ணையும் மணிக்கட்டுல வெச்சுப் பாத்துச்சு, உள்பக்கம் திருப்பித் தையலைப் பாத்துச்சு. நான் ஏதாவது சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம் ஆன்ட்டி, நானே எடுத்துக்கறேன்னுச்சு. ரசீது இதோ இருக்கு."

பெரியத்தான் ரசீதை வாங்கிப் படித்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, தான் ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நேராகப் போனை எடுத்து சின்னத்தானைக் கூப்பிட்டார். இவராக அவரைக் கூப்பிட்டு நான் பார்த்ததே கிடையாது. சின்னத்தான் குரல் போனைத் தாண்டி சாக்ஸ் அடுக்குகள் வரைக்கும் கேட்டது.

"சொல்லுங்க அண்ணா!"

"பாப்பா உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா? என்ன போட்டுக்கணும்னு?"

"இல்லையே. உங்ககிட்டதான் கேட்டிருப்பான்னு நினைச்சேன். அதான் நான் வாயே தொறக்கல. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

"என்கிட்டயும் கேக்கல."

சின்னத்தானின் குரல் திடீரென்று தணிந்தது. நான் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அப்ப யாருகிட்ட கேட்டா?"

"யாருகிட்டயும் இல்ல. அவளே வந்து எடுத்துட்டுப் போயிருக்கா."

"எதை எடுத்தா?"

"மெல்லிசு. கம்பளி. கழுத்துல ஜிப் வெச்சது, தோள்ல தையல் இல்லாதது. அளவுகூட கரெக்ட்."

"நல்லதாத்தான் எடுத்திருக்கா அண்ணா."

"அதான்யா எரியுது" என்றார் பெரியத்தான்.